கடைசல் மரமும் அரக்கு மெருகும்

நவராத்திரி வந்ததும், சென்னையாயினும் தில்லியாயினும், தமிழர் இல்லங்களில் கொலுப்படிகள் எழுகின்றன. அப்படிகளின் ஓரத்தில், தெய்வ உருவங்களுக்கும் செட்டியார் பொம்மைக்கும் அருகே, ஒரு சின்னஞ்சிறு சமையலறையும் இடம்பெறுவதுண்டு. குடம், அடுப்பு, அம்மி, ஆட்டுக்கல், உரல், உலக்கை யாவும் விரலளவு உயரத்தில் மரத்தில் கடைந்து செய்தவை. இவையே சொப்புச் சாமான்கள். பொருநை பாயும் திருநெல்வேலிச் சீமையிலுள்ள அம்பாசமுத்திரம் இவற்றுக்குப் பெயர்பெற்ற ஊர். பிழைப்பின் பொருட்டு வேற்று மாநிலம் புறப்பட்ட எத்தனையோ குடும்பங்களின் பெட்டிகளில், குத்துவிளக்குக்கும் வெண்கலப் பானைக்கும் இடையே, ஒரு சொப்புப் பெட்டியும் பயணம் செய்திருக்கிறது.

திருவனந்தபுரத்தில் என் வீட்டிலும் அத்தகைய பெட்டி ஒன்று உண்டு. என் தாயார் சிறுமியாயிருந்தபோது விளையாடியது. பின்பு என் தமக்கை கைக்கு வந்தது. இப்போது என் மகளிடம் இருக்கிறது. ஏறக்குறைய அறுபது ஆண்டுகள் சென்றும் அதன் சிவப்பு மங்கவில்லை. ஆனால், சில ஆண்டுகளுக்கு முன் ஒரு திருவிழாக் கடையில் நான் வாங்கிய புதிய சொப்போ, ஓராண்டு நிறைவதற்குள் செதில் செதிலாக நிறத்தை உதிர்த்துவிட்டது. உதிர்ந்த செதில் ஒன்றைக் குழந்தை வாயில் போட்டுக்கொண்டதைக் கண்ட அன்றுதான், இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைத் தேடத் தொடங்கினேன்.

இரண்டும் மரம், இரண்டும் கடைசலில் பிறந்தவை, இரண்டும் சிவப்பு. வேறுபாடு மேற்பூச்சில் இருந்தது. பழையதின் மேல் இருப்பது அரக்கு. புதியதின் மேல் இருந்தது டப்பாவிலிருந்து எடுத்துத் தடவிய பெயிண்ட். அரக்கு என்பது யாது? அது கடைசல் மரத்துக்கு எவ்வாறு உறையாகவும் மெருகாகவும் அமைகின்றது? நாமே அதை வீட்டில் பயன்படுத்துவது எங்ஙனம்? இவற்றைச் சிறிது விரிவாகக் காண்போம்.

பெயரும் பொருளும்

மொழிபெயர்ப்பு என் தொழில். ஆதலால் எப்பொருளைக் கண்டாலும் முதலில் அதன் பெயரைத் துருவிப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. ஷெல்லாக் என்று கடைகளில் வழங்கும் பொருளுக்குத் தமிழில் அவலரக்கு என்ற பெயர் உண்டு. நெல்லை இடித்துத் தட்டையாக்கினால் அவல். அரக்கை உருக்கித் தட்டையாக்கினால் அவலரக்கு. மரக்கிளையோடு ஒடித்தெடுத்த கச்சாப் பொருளுக்குக் கொம்பரக்கு என்று பெயர். அதை நொறுக்கிக் கழுவிச் சலித்தெடுப்பது மணியரக்கு. வடமாநிலங்களில் வாழும் அன்பர்கள் அங்குள்ள கடைகளில் சப்டா என்று கேட்டால் அவலரக்கையே எடுத்துத் தருவார்கள்.

ஆங்கிலத்தில் லாக்கர் என்ற ஒரே சொல் மூன்று வேறு பொருட்களைக் குறித்து நம்மைக் குழப்புகின்றது. நம் அரக்கு ஒன்று. சீனத்திலும் ஜப்பானிலும் ஒருவகை மரத்தின் பாலிலிருந்து செய்யப்படும் பூச்சு மற்றொன்று. தொழிற்சாலையில் செயற்கையாகத் தயாராகும் தெளிப்புப் பூச்சு மூன்றாவது. இம்மூன்றுக்கும் பிறப்பும் வேறு, குணமும் வேறு. கடைக்காரர் லாக்கர் என்று சொன்ன மாத்திரத்தில் அது அரக்குத்தான் என்று கொள்ளலாகாது.

அலுவலகத்தாருக்கு அரக்கு வேறொரு வகையிலும் பழக்கமானது. காப்பீடு செய்த அஞ்சல் உறைகளின் மடிப்புகளில் அரக்கை உருக்கி வைத்து முத்திரையிடும் வழக்கம் நெடுங்காலம் நிலவியது. உள்ளிருப்பது வெளியே போகாமலும், வெளியிலிருந்து ஒன்றும் உள்ளே புகாமலும் காப்பதே முத்திரையின் பணி. மரத்தின் மேல் அரக்கு செய்யும் பணியும் ஏறக்குறைய அதுவே.

சிற்றுயிரின் கூடு

அரக்கு மரப்பிசின் அன்று. அதை உண்டாக்குவது கெரியா லாக்கா என்று அறிவியலார் பெயரிட்டுள்ள ஒரு சிறு பூச்சி. புரசு, இலந்தை, குசும் முதலிய மரங்களின் இளங்கிளைகளில் இப்பூச்சியின் குஞ்சுகள் ஆயிரக்கணக்கில் நெருங்கி அமர்ந்து, சாற்றை உறிஞ்சி, தம் உடலைக் காத்துக்கொள்ள ஒரு பிசினைச் சுரக்கின்றன. அப்பிசின் இறுகி, கிளையைச் சுற்றிக் கெட்டியான உறையாகிறது. வெயிலிலிருந்தும் மழையிலிருந்தும் பகைவரிடமிருந்தும் தன்னைக் காக்கப் பூச்சி கட்டிய அந்த வீட்டையே, நாம் நம் மரப்பொருளைக் காக்க எடுத்துக்கொள்கிறோம்.

சென்னைப் புரசைவாக்கத்துக்குப் பெயர் தந்த புரசு மரமே வடக்கில் பலாசம் எனப்படுவது. ஜார்க்கண்டிலும் அதன் அண்டை மாநிலங்களிலும் பழங்குடி மக்கள் இம்மரத்திலும் இலந்தையிலும் குசும் மரத்திலும் அரக்கைப் பயிர் செய்கின்றனர். பூச்சியினத்தில் ரங்கீனி, குசுமி என இரு வகைகள் உண்டு. ஒவ்வொன்றும் ஆண்டுக்கு 2 விளைச்சல் தருகின்றது. இத்துறையின் ஆராய்ச்சிக்காக ராஞ்சிக்கு அருகே நாம்குமில் 1924-ஆம் ஆண்டு இந்திய அரக்கு ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. அது 2007-இல் இயற்கைப் பிசின்கள், கோந்துகளுக்கான நிறுவனமாக விரிந்தது. 2022-இல் தேசிய இரண்டாம்நிலை வேளாண்மை நிறுவனம் என்று பெயர் மாற்றம் பெற்றது. ராஞ்சியிலும் ஜாம்ஷெட்பூரிலும் குடியேறியுள்ள தமிழன்பர்கள், நம்மூர்ச் சொப்பின் மெருகு பிறக்கும் சீமையிலேயே வாழ்கின்றனர் என்று சொல்லலாம்.

மணியரக்கை அவலரக்காக்கும் பழைய முறை காணத்தக்கது. நீண்ட துணிக்குழாய் ஒன்றில் மணியரக்கை நிரப்பி, கரியடுப்பின் முன்னே பிடித்து, ஒரு முனையிலிருந்து முறுக்குவார்கள். வெப்பத்தில் உருகிய அரக்கு துணியின் கண்கள் வழியே கசியும். கசடு உள்ளே தங்கிவிடும். கசிந்த அரக்கை ஒருவர் தகடாகப் பரப்பி எடுத்து, கைகளாலும் கால்களாலும் பற்களாலும் பிடித்து எல்லாப் பக்கமும் இழுத்து, மெல்லிய தாளைப்போல் விரிப்பார். ஆறியபின் அதை நொறுக்கினால் பொன்னிறத் துணுக்குகள் கிடைக்கும். இதே அரக்கு வானொலிக்கும் ஒருகாலத்தில் உற்ற துணையாயிருந்தது. வினைல் தட்டுகள் பரவும்வரை, நிமிடத்துக்கு 78 முறை சுழன்ற கிராமபோன் இசைத்தட்டுகளில் கனிமத் தூளை இறுகப் பிணைத்து நின்றது இந்த அரக்கே.

மரத்துக்கு உறை எதற்கு?

மரம் வெட்டுண்ட பின்னும் ஈரத்தை உள்வாங்கி வெளியிடுவதை நிறுத்துவதில்லை. கேரளக் கடற்கரையில் வாழ்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இங்கு ஜூனில் ஒரு மழைக்காலம், ஐப்பசியில் மற்றொரு மழைக்காலம். மழை வந்தால் கதவுகள் நிலையோடு இறுகுகின்றன. வெயில் வந்தால் தளர்கின்றன. சிறு சிமிழின் மூடியும் அவ்வாறே ஒரு மாதம் திறக்க மறுக்கும். மறுமாதம் தானே கழன்று விழும்.

கடைசல் பொருளில் இன்னுமொரு சிக்கல் உண்டு. பலகையில் நாம் பெரும்பாலும் இழையின் பக்கவாட்டையே காண்கிறோம். ஒரு கிண்ணத்தைக் கடையும்போதோ, பொருள் ஒருமுறை சுழல்வதற்குள், இழையின் பக்கம் இருமுறையும் அறுபட்ட நுனி இருமுறையும் உளிக்கு எதிரே வருகின்றன. நுனி என்பது ஒரு கட்டு வைக்கோலின் வெட்டுவாய் போன்றது. எண்ணெயையோ சாயத்தையோ தடவினால் அளவின்றிக் குடிக்கும். பக்கமோ சிறிதளவே குடிக்கும். விளைவாக, ஒரே கிண்ணத்தில் ஓரிடம் கருத்தும் ஓரிடம் வெளுத்தும் போகும். ஆகவே, மெருகுக்கு முன் நுண்துளைகளை அடைக்க ஒரு முதற்பூச்சுத் தேவைப்படுகின்றது.

இப்பணிக்கு அவலரக்கு மிக ஏற்றது. அது விரைவில் உலர்கின்றது. மரத்தின் மேல் நிமிர்ந்து நிற்கும் மெல்லிய மயிர்போன்ற இழைகளை விறைப்பாக்குவதால், உப்புத்தாள் அவற்றை எளிதில் நீக்கிவிடுகின்றது. மரத்திலுள்ள பிசினோ சாயமோ மேலே கசிவதைத் தடுக்கின்றது. காற்றிலுள்ள ஈரம் உட்புகுவதையும் நன்கு குறைக்கின்றது. மேலும், புதிய பூச்சு பழைய பூச்சைச் சற்றே கரைத்து அதனோடு ஒன்றாகிவிடும் குணம் இதற்கு உண்டு. எனவே பல முறை பூசினாலும் அடுக்கடுக்காகப் பிரிந்து உதிர்வதில்லை.

கடைசல் பட்டறையில் கண்டது

திருவனந்தபுரத்திலிருந்து தென்மலை, ஆரியங்காவு, செங்கோட்டை வழியாக மலையைக் கடந்தால் தென்காசி. அங்கிருந்து அம்பாசமுத்திரம் தொலைவில் இல்லை. சொப்பின் செய்தி அறிய அங்கே ஒரு பட்டறையில் அரைநாள் அமர்ந்திருந்தேன். இத்தொழிலில் தொன்றுதொட்டுப் பயன்பட்டு வந்தது மஞ்சள் கடம்பு. நெருங்கிய இழையும் மென்மையும் உடைய மரம். முற்காலத்தில் ஒருவர் கயிறு இழுத்துச் சுழற்ற மற்றொருவர் கடைவார்; இன்று மின்மோட்டார் அவ்வேலையைச் செய்கிறது.

கடைசல்காரர் ஒரு கட்டையைப் பொருத்தி, உளியால் வடிவெடுத்து, உப்புத்தாளால் தேய்த்தார். அடுத்து, முதற்பூச்சுக்குக் கிண்ணமும் தூரிகையும் வருமென எதிர்பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. அவர் எடுத்தது வண்ணம் கலந்து இறுகிய ஓர் அரக்குக் குச்சி. சுழலும் மரத்தின் மேல் அதை அழுத்தியதும், உராய்வில் எழுந்த சூட்டால் குச்சியின் நுனி இளகி, மரத்தில் ஒரு சிவப்பு வளையமாகப் படிந்தது. பிறகு உலர்ந்த ஓலை நறுக்கொன்றை அதன்மேல் அழுத்திப் பிடித்தார். திட்டுத்திட்டாயிருந்த அரக்கு ஒரே சீராகப் பரவிக் கண்ணாடியாய் மின்னியது. எல்லாம் ஒரு நிமிடத்துக்குள் முடிந்தது. உலர எவ்வளவு நேரமாகும் அண்ணாச்சி என்று கேட்டேன். ஈரமே இல்லாதபோது உலர்வது ஏது என்று அவர் சிரித்தார்.

அந்தச் சிரிப்பில் முழுச் செய்தியும் அடங்கியிருந்தது. அரக்கு ஏறத்தாழ 70 முதல் 80 டிகிரி செல்சியஸ் வெப்பத்துக்குள் உருகும். சுழற்சியின் உராய்வே அச்சூட்டைத் தருவதால், அடுப்போ கரைப்பானோ வேண்டியதில்லை. இளகிய அரக்கு நுண்துளைகளில் புகுந்து அடைக்கின்றது. மேலே தங்கியது மெருகாகின்றது. முதற்பூச்சும் கடைசிப் பூச்சும் இங்கே ஒன்றே. மழைக்காலத்து ஈரக்காற்றும் இம்முறைக்குப் பெரிய தடையன்று.

இது நம் நாட்டின் பழைய அறிவு. 1580-களில் கோவாவில் தங்கியிருந்த டச்சுக்காரர் யான் ஹுய்கென் வான் லின்ஸ்கோட்டன், 1596-இல் வெளியான தம் பயண நூலில், இந்தியக் கடைசல்காரர் சுழலும் மரத்தில் அரக்குக் கட்டியை வைத்து உருக்குவதையும், உலர்ந்த கோரை போன்ற ஒன்றால் தேய்த்துப் பளபளப்பாக்குவதையும் வியந்து எழுதியுள்ளார். 400 ஆண்டுகளுக்கு மேலாகியும் முறை பெரிதும் மாறவில்லை.

பெங்களூருக்கும் மைசூருக்கும் இடையிலுள்ள சன்னபட்டணாவில் வெட்பாலை மரத்தைக் கடைந்து, அரக்கேற்றி, தாழையின் உலர்ந்த ஓலையால் மெருகிடுகின்றனர். ஆந்திரத்தில் வராக நதிக்கரையிலுள்ள ஏட்டிக்கொப்பாக்காவிலும் அதே மரம், அதே தாழை. குஜராத்தின் சங்கேடாவில் ஊஞ்சலும் நாற்காலியும் இவ்வாறே அரக்கு மெருகு பெறுகின்றன. வாரணாசியிலும், மராட்டிய மாநிலத்துச் சாவந்த்வாடியிலும் அரக்குக் கடைசல் உண்டு. நீங்கள் எம்மாநிலத்தில் வாழ்ந்தாலும், அம்பாசமுத்திரத்தின் உறவூர் ஒன்று அருகில் இருக்கக்கூடும்.

வீட்டிலே செய்யும் முறை

கடைசல் இயந்திரம் இல்லாதவர்கள் அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துப் பூசலாம். மேசை நாற்காலிகளுக்குப் பிரெஞ்சு பாலிஷ் என்று தச்சர்கள் செய்வதும் இதுவே.

முதற்பூச்சுக்கு 100 மில்லிலிட்டர் ஸ்பிரிட்டுக்கு 12 கிராம் அவலரக்குப் போதும். மெருகுப் பூச்சுக்கு அதே அளவு ஸ்பிரிட்டுக்கு 24 கிராம் கொள்ளலாம். கண்ணாடிப் புட்டியில் இட்டு, இடையிடையே குலுக்கி, ஓர் இரவு வைத்தால் கரைந்துவிடும். மெல்லிய துணியில் வடிகட்டிக்கொள்க. இரும்புப் பாத்திரம் ஆகாது, கரைசல் கருத்துவிடும். அரக்கில் இயற்கையாகவே சிறிதளவு மெழுகு உண்டு. மேலே பாலியூரித்தேன் போன்ற வேறு வார்னிஷ் பூச எண்ணினால், மெழுகு நீக்கிய அவலரக்கையே வாங்க வேண்டும். இல்லையேல் மேற்பூச்சு பிடிக்காது.

கரைத்த நாளைப் புட்டியின் மேல் எழுதி ஒட்டுக. ஏறக்குறைய 6 மாதத்துக்குப் பின் கரைசல் தன் குணத்தை இழக்கும். பூசினால் உலராமல் பிசுபிசுக்கும். ஐயம் எழுந்தால் ஒரு துளியைக் கண்ணாடித் துண்டில் விட்டுப் பார்க்கலாம். மறுநாளும் ஒட்டினால் அதைப் பயன்படுத்தலாகாது.

பூச்சு மெல்லியதாய் இருக்கட்டும். முதற்பூச்சு உலர்ந்ததும் நுண்ணிய உப்புத்தாளால் இலேசாகத் தேய்த்து, தூளைத் துடைத்து, அடுத்த பூச்சைத் தருக. கெட்டியாக ஒருமுறை பூசுவதைவிட மெல்லியதாக நான்கு முறை பூசுவது மேல். கடைசல் இயந்திரம் உடையவர்கள் ஓடும் மரத்தில் பூசும்போது, துணியை விரலில் சுற்றிக்கொள்ளவே கூடாது. சுழலும் மரம் துணியோடு விரலையும் இழுத்துவிடும். சிறு துண்டுத் துணியையோ தாளையோ தளர்வாகப் பிடித்தல் வேண்டும்.

ஸ்பிரிட் எளிதில் தீப்பற்றும். குடித்தால் உயிரைக் குடிக்கும். அடுப்பும் விளக்கும் இல்லாத, காற்றோட்டமான இடத்தில், குழந்தைகள் எட்டாத உயரத்தில் வைத்துக் கையாளுதல் வேண்டும். உலர்ந்தபின் ஸ்பிரிட் முழுவதும் ஆவியாகிவிடும், அரக்கே எஞ்சும். மாத்திரைகளின் மேலும் சில மிட்டாய்களின் மேலும் தூய்மைப்படுத்திய அவலரக்கைப் பூசுகிறார்கள் என்பது பலருக்குப் புதிய செய்தியாயிருக்கலாம்.

இரண்டு தவறுகள்

நான் செய்த தவறுகளைக் கூறினால் பிறருக்கு உதவும். ஈட்டி மரத்தில் கடைந்த கால்களையுடைய ஒரு சிறு முக்காலிக்கு நானே அரக்குப் பூசினேன். பூசிய நாள் ஜூன் மாத அடைமழை நாள். சற்று நேரத்தில் முக்காலி முழுவதும் வெண்பனி படர்ந்தது. ஸ்பிரிட் ஆவியாகும்போது மரத்தின் மேற்புறம் குளிர்ந்து, காற்றிலிருந்த ஈரம் பூச்சில் சிக்கிக்கொண்டதே காரணம். மழை ஓய்ந்து வெயில் அடித்த ஒரு நாளில், ஸ்பிரிட் தொட்ட துணியால் இலேசாகத் தடவியதும் பனி விலகியது.

இரண்டாம் தவறு, ஆவி பறக்கும் காப்பியுடன் டபராவை அம்முக்காலியின் மேல் வைத்தது. எடுத்தபோது வெண்ணிற வளையம் ஒன்று நிலைத்துவிட்டது. அரக்குக்குச் சூடும் தண்ணீரும் பகை என்பதை அது கற்பித்தது. அவ்வளையத்தையும் முன்போலவே நீக்க முடிந்தது. செயற்கைப் பூச்சாயிருந்தால் முழுவதும் சுரண்டி மீண்டும் பூச நேர்ந்திருக்கும். அரக்கு எளிதில் காயப்படும். எளிதில் ஆறவும் ஆறும்.

ஆகவே, சிமிழ், பம்பரம், பொம்மை, கட்டில் கால், விளக்குத்தண்டு முதலியவற்றுக்கு அரக்கு தகும். கழுவ வேண்டிய கரண்டிக்கும், சூடான உணவு வைக்கும் தட்டுக்கும், மழையில் நனையும் வாயிற்கதவுக்கும் தகாது. சோப்பு நீரும் காரமும் அதைக் கரைக்கும். துடைக்க உலர்ந்த துணியே போதும்.

வாங்குபவர் அறிய வேண்டியது

இறுதியாக, தொடக்கத்தில் எழுந்த கேள்விக்கு வருவோம். கடையில் இருப்பது அரக்கா, பெயிண்டா என்று அறிவது எப்படி? பொருளின் அடிப்பக்கத்தில், ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் மெல்லத் தேய்த்துப் பாருங்கள். அரக்காயின் அவ்விடம் பிசுபிசுத்து நிறம் பஞ்சில் ஏறும். எனாமல் பெயிண்டாயின் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. சோதித்த இடத்தை உலர்ந்தபின் குழந்தையிடம் தரலாம்.

இச்சோதனை ஏன் தேவை? வீட்டுப் பெயிண்டுகளில் ஈயத்தின் அளவு பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருத்தலாகாது என்ற விதி 2017 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பொம்மைகளுக்கு இந்தியத் தர முத்திரை 2021 ஜனவரி 1 முதல் கட்டாயமாயிற்று. ஆயினும், பதிவுபெற்ற கைவினைஞரின் பொருட்களுக்கும் புவிசார் குறியீடு பெற்ற பொருட்களுக்கும் அம்முத்திரையிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. சிறு பட்டறைகள் பிழைக்க அவ்விலக்கு இன்றியமையாதது. ஆனால் முத்திரை பார்த்து வாங்கும் வசதி அங்கே இல்லாமையால், வாங்குபவரின் கண்ணும் கேள்வியுமே காவல்.

சோதனைக்கு ஓர் எல்லையும் உண்டு. மேற்பூச்சு அரக்கு என்பதை அது சொல்லும். அரக்கில் கலந்த நிறம் எத்தகையது என்பதைச் சொல்லாது. அதை விற்பவரிடம் கேட்டே அறிய வேண்டும். மஞ்சள், அவுரி, மரவிதைகள் முதலியவற்றிலிருந்து எடுத்த இயற்கை நிறங்களை அரக்கில் கலக்கும் முறையை ஏட்டிக்கொப்பாக்காவில் பரப்பியவர் சி. வி. ராஜு, 2023-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. இத்தகைய நிறம்தானா என்று வாடிக்கையாளர் கேட்கத் தொடங்கினால், மற்ற ஊர்களிலும் அம்முறை வேரூன்றும்.

அரக்கேற்றிய பொருள் பெயிண்ட் அடித்ததைவிடச் சற்று விலை மிகுந்ததே. அவலரக்குக்கும் விலை உண்டு. ஒவ்வொன்றாகக் கடைந்து மெருகிடும் கைக்கும் கூலி உண்டு. வேறுபாடு தெரியாதவர் மலிவானதையே எடுப்பார். அவரைக் குறை கூறுவதற்கில்லை. ஆனால் எல்லோரும் அவ்வாறே எடுத்தால், கடைசல்காரரும் குச்சியை வைத்துவிட்டுத் தூரிகையை எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை. பழைய முறையைக் காக்கும் ஆற்றல் பட்டறையில் பாதியும், அதை அறிந்து கேட்கும் வாங்குபவரிடம் பாதியுமாக இருக்கின்றது.

அடுத்த முறை ஊருக்கு வரும்போது அம்பாசமுத்திரத்திலோ, வாழும் மாநிலத்தின் கடைசல் ஊர் ஒன்றிலோ, பட்டறை வாயிலில் சிறிது நேரம் நின்று பாருங்கள். சுழலும் மரத்தில் அரக்கு இளகிப் படியும் அக்காட்சியைக் குழந்தைகளுக்கும் காட்டுங்கள். பார்த்தபின் அவர்களே கடைக்காரரிடம் கேட்பார்கள்: இது அரக்கா, பெயிண்டா?